ஆறாவது வண்டி நமதாக இருக்க வேண்டாம்

சென்னை, கோவை, பெங்களூர், கொழும்பு, சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் மாசாய் மாராவுக்கும் செரங்கெட்டிக்கும் கானுயிர் ஒளிப்படக் குழுக்களை அழைத்துச் செல்லும் நண்பர்களுக்கு,



அடுத்த பருவத்துக்கான அறிவிப்புகளை நீங்கள் தயாரித்துக்கொண்டிருக்கும் நேரம் இது. ஜூலை முதல் அக்டோபர் வரை எந்த வாரம், எந்த முகாம், வண்டிக்கு எத்தனை பேர், முன்பணம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். முதல் முன்பணம் உங்கள் கைக்கு வருவதற்குள் இந்த மடல் உங்களை எட்டிவிட வேண்டும் என்று விரும்புகிறேன். நான் கேட்கப்போவதை அதற்கு முன்னால்தான் எளிதாகச் செய்ய முடியும். பணம் வாங்கியபின், விருந்தினர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தபின், சிவிங்கிப்புலி கண்ணில் பட்டபின் அதைச் செய்வது மிகக் கடினம்.

நானும் குழு அழைத்துச் செல்பவன்தான். மாரா ஆற்றங்கரையில் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் என் வண்டியும் நின்றிருக்கிறது. மாராவுக்குப் போகும் வழியில் நாரோக் சாலையோரக் கடையில் உங்களில் பலரோடு தேநீர் குடித்திருக்கிறேன். ஆகவே வெளியிலிருந்து யாரோ விரல் நீட்டுவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் தொழில் எதனால் நடக்கிறது, எதனால் கெடுகிறது என்பதை நம் அளவுக்கு அருகிலிருந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்ததை நமக்குள் பேசிக்கொள்ளாமல் ஒவ்வொரு பருவத்தையும் கடந்து வருகிறோம். இந்த முறை பேசிவிட வேண்டும்.

சிவிங்கிப்புலியிலிருந்து தொடங்குகிறேன். மாராவின் தாலேக் ஆற்றுப் பக்கம் ஒரு கரையான் புற்றின்மேல் தாயொன்று குட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறது. முதல் வண்டி அதைப் பார்க்கிறது, ரேடியோவில் செய்தி போகிறது. அடுத்து நடப்பதை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. புல்வெளியின் நான்கு பக்கமும் புழுதி கிளம்பும். சிறிது நேரத்தில் புற்றைச் சுற்றி வண்டிகள் நிற்கும். தாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு பம்பர் இருக்கும். அது எழுந்து நடந்தால் எல்லா இன்ஜின்களும் ஒன்றாக உயிர்பெறும். அது போகும் திசையைக் கணித்து முன்னால் போய் நிற்பதுதான் திறமை என்று நாமே நம் விருந்தினர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

அந்த விலங்கின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சிங்கமும் சிறுத்தையும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் இரை தேடுகின்றன. அவற்றோடு மோதி வெல்லும் உடல்வலிமை சிவிங்கிப்புலிக்கு இல்லை. அவை ஓய்ந்து கிடக்கும் பகல் வேளையைப் பார்த்து இது வேட்டைக்குக் கிளம்புகிறது. வேகமாக ஓடிப் பிடித்தபின் உடனே தின்னவும் அதனால் முடியாது. மூச்சு இறங்கும்வரை இரையருகே படுத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கழுதைப்புலி வந்தால் இரை போய்விடும். துணை இல்லாமல் தனியாகவே குட்டிகளை வளர்க்கும் தாய்க்கு இப்படிப் போகும் ஒவ்வொரு இரையும் குட்டிகளின் வயிற்றிலிருந்து போவதுதான். பகல் அதற்குக் கிடைத்த ஒரே அடைக்கலம். அதற்குள்தான் நாம் காலை ஆறு மணிக்கு வண்டியோடு நுழைகிறோம்.

இதன் விலை என்ன என்று ஒருவர் கணக்கெடுத்திருக்கிறார். மாராவில் சிவிங்கிப்புலிகளை ஆராய்ந்த ஃபெம்கே புரூக்ஹாய்ஸ் 2018இல் 'எகாலஜி அண்ட் எவல்யூஷன்' ஆய்விதழில் வெளியிட்ட முடிவுகளை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றுலா வண்டிகள் குறைவாகப் போகும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனித்து வாழும் வயதுவரை வளர்த்தெடுக்கிறது. வண்டிகள் மிகுந்த பகுதிகளில் அந்தச் சராசரி 0.2. பத்து ஈற்றுக்கு அங்கே 23 குட்டிகள், இங்கே 2. இரண்டு இடமும் ஒரே மாராதான். சிங்கமும் கழுதைப்புலியும் இரண்டு இடத்திலும் உண்டு. உலகம் முழுவதும் சேர்த்தே சுமார் 7,000 சிவிங்கிப்புலிகள்தான் எஞ்சியிருக்கின்றன என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

குட்டிகள் சக்கரத்தில் நசுங்கிச் செத்தன என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அப்படியொரு காட்சியைப் பார்த்திருந்தால் நாம் என்றோ திருந்தியிருப்போம். நாம் செய்யும் கேடு நம் கண்முன் நடப்பதில்லை. இன்ஜின் சத்தத்தில் மான் தலையைத் தூக்குகிறது, தாயின் பதுங்கல் வீணாகிறது. அன்று வேட்டை இல்லை. வண்டிகள் நெருக்கியதால் தாய் இரையை விட்டு எழுந்து போகிறது. அன்று பால் குறைகிறது. சமவெளியில் வண்டிகள் வளையமாக நின்றால் தொலைவிலிருக்கும் கழுதைப்புலிக்கும் அது அடையாளமாகிவிடும் என்று மாராவின் அனுபவசாலி கைடுகள் சொல்வார்கள். குட்டி சாகும்போது நாம் ஊருக்குத் திரும்பிப் படங்களைப் பதிவேற்றிக்கொண்டிருப்போம். அந்தப் படத்திலிருக்கும் குட்டி பிழைத்ததா என்று நம்மிடம் யாரும் கேட்பதுமில்லை.

அடுத்தது மாரா ஆறு. ஜூலையில் தொடங்கி அக்டோபர்வரை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் அந்த ஆற்றின் இரு கரைகளிலும் அலைந்துகொண்டிருக்கும். நம் தொழிலில் ஆண்டு வருமானத்தின் பெரும் பங்கு இந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. ஆற்றைக் கடக்க வந்த மந்தை கரையோரம் மணிக்கணக்கில் நிற்கும். முன்வரிசை நீரை முகர்ந்துவிட்டுத் திரும்பும், பின்னாலிருப்பவை தள்ளும், மீண்டும் திரும்பும். அந்தத் தயக்கத்தில் ஒரு கதவு சாத்தும் ஓசை போதும், மந்தை கலைந்துபோக. இது தெரிந்தும் நாம் கரை விளிம்புக்கே வண்டியைக் கொண்டுபோகிறோம். முதல் விலங்கு குதித்ததும் பின்னால் காத்திருந்த வண்டிகளெல்லாம் இடம் பிடிக்கப் பாய்கின்றன. ஏற வேண்டிய சரிவில் வண்டி நிற்பதைப் பார்த்து விலங்குகள் செங்குத்தான இடத்தில் ஏற முயல்கின்றன, சறுக்கி விழுகின்றன, வந்த வழியே முதலைகளிடம் திரும்புகின்றன.

வில்டபீஸ்ட் ஆற்றில் சாவது இயற்கைதானே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் உடல்கள் மாரா ஆற்றில் சேர்கின்றன என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மீன், முதலை, பிணந்தின்னிக் கழுகு, நீரடி உயிர்கள் என்று ஆறே அந்த உடல்களை உண்டு வாழ்கிறது. அந்தச் சாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெள்ளம் வருகிறது, கரை செங்குத்தாக இருக்கிறது, மந்தை நெரிகிறது. இவற்றோடு நம் வண்டியும் ஒரு காரணமாகச் சேர்வதற்கு எந்த நியாயமும் இல்லை. இயற்கையைப் படமெடுக்க வந்தவர்கள் நாம். நாம் கலைத்துவிட்ட மந்தையின் தவிப்பைப் படமெடுத்து இயற்கையென்று விருந்தினர்களிடம் சொல்வது அவர்களுக்கும் செய்யும் வஞ்சனை.

2025 ஜூலையில் செரங்கெட்டியின் வடபகுதியில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி உலகமெங்கும் பரவியது. மாரா ஆற்றங்கரையில் வண்டிகளைவிட்டு இறங்கிய மனிதக் கூட்டம், வில்டபீஸ்ட்கள் போகும் வழியை அடைத்துக்கொண்டு கைபேசியோடு நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் கொதித்தார்கள். நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள், நானும் பகிர்ந்தேன். அந்தக் கூட்டத்தை அங்கே கூட்டிவந்தவர்கள் யார் என்ற கேள்விதான் எனக்குள் தங்கிவிட்டது. சுற்றுலாப் பயணி தானாக அந்தக் கரைக்கு வருவதில்லை. ஒருவர் அறிவிப்புக் கொடுக்கிறார், ஒருவர் பணம் வாங்குகிறார், ஒருவர் 'இறங்கலாம்' என்கிறார் அல்லது இறங்கும்போது வாய்மூடி இருக்கிறார். அந்த இடத்தில் இருப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

இங்கே நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் மதித்தே பேச விரும்புகிறேன்.

விருந்தினர் பெரும் செலவு செய்து வந்திருக்கிறார் என்பீர்கள். ஆமாம். 2024 ஜூலையிலிருந்து மாசாய் மாரா காப்பகத்துக்குள் நுழைய வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர்வரை ஒரு நாளைக்கு 200 டாலர் கட்டணம். அதுவும் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரைதான் செல்லும். விமானம், விசா, முகாம், வண்டி எல்லாம் அதற்கு மேல். பல ஆண்டு சேமிப்பை எடுத்துக்கொண்டு வருபவர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள், அவர்களுடைய ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் வாங்கியது அங்கே ஒரு நாள் இருக்கும் உரிமையை. ஒரு தாய் விலங்கின் காலைப் பொழுதை அவரிடம் யாரும் விற்கவில்லை. விற்றதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தால் நம் அறிவிப்பில் எங்கோ பிழை இருக்கிறது.

நான் விலகினால் அந்த இடத்துக்கு இன்னொரு வண்டி வரும் என்பீர்கள். வரலாம். ஆனால் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளில் நம் ஆட்கள் எவ்வளவு பேர் என்று ஆகஸ்ட் மாதத்தில் எண்ணிப் பாருங்கள். தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பேசுவது எல்லாப் பக்கமும் காதில் விழும். பெரிய லென்ஸ் வெளியே நீட்டிய வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே ஏதோ இருக்கிறது என்று மற்ற ஓட்டுநர்கள் பின்தொடர்கிறார்கள். கூட்டம் நம்மைப் பார்த்துத்தான் சேர்கிறது. நாம் தள்ளி நின்றால் அதையும் அவர்கள் பார்ப்பார்கள்.

விதியை அமல்படுத்துவது நாரோக் மாவட்ட நிர்வாகத்தின் வேலை, ரேஞ்சர்களின் வேலை என்பீர்கள். விதி இருக்கிறது. ஒரு பெரும்பூனையருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடாது. மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம்விட வேண்டும். காப்பகத்துக்குள் தடத்தைவிட்டு இறங்கக் கூடாது. காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு புதருக்கும் ஒரு ரேஞ்சரை நிறுத்த எந்த நிர்வாகத்தாலும் முடியாது. ரேஞ்சர் இருந்தால் விதி, இல்லாவிட்டால் இல்லை என்று நடந்துகொண்டே நம்மைக் கானுயிர் ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

கைடுதான் கொண்டுபோகிறார், நான் என்ன செய்வது என்று நீங்கள் சொன்னால் மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இந்த மடலை எழுதத் தூண்டிய மனக்குறையே அதுதான்.

உங்கள் வண்டியை ஓட்டும் கைடு யார் என்று யோசித்திருக்கிறீர்களா? கென்யாவில் 1996இல் தொடங்கிய தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தேர்வு நடத்துகிறது. பறவைகள், பாலூட்டிகள், மரங்கள், சட்டம், முதலுதவி எல்லாம் படித்துத் தேறியவர் அவர். பலர் மாராவை ஒட்டிய கிராமங்களில் பிறந்து, மாடு மேய்த்தபடியே அந்த நிலத்தைக் கற்றவர்கள். சிவிங்கிப்புலியின் காது எப்போது பின்னால் மடங்கும், அதற்கு என்ன பொருள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். எப்போது விலக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வருகிறது: "சார், இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொல்லுங்க. அந்த வண்டி நம்மள மறைக்குது." நீங்கள் அதை ஆங்கிலத்தில் கைடிடம் சொல்கிறீர்கள். சொல்லாமல் ஒரு பார்வை பார்த்தாலும் போதும். பயணத்தின் கடைசி நாளில் உறைக்குள் வைக்கப்படும் டிப்ஸ் அந்தப் பார்வையில்தான் தொங்குகிறது. அது அவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். அடுத்த ஆண்டு அதே கைடு வேண்டும் என்று நீங்கள் நிறுவனத்திடம் கேட்பீர்களா, வேறு ஆள் கேட்பீர்களா என்பதும் அதில் இருக்கிறது. அவர் வண்டியைத் தடத்திலிருந்து இறக்குகிறார். ரேஞ்சர் வந்தால் அபராதம் அவருக்கு, தடையும் அவருக்கு. படம் நமக்கு. இரவு முகாமில் படங்களைத் திரையில் போட்டுக் கைதட்டும்போது அவர் சமையலறைப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டில் குற்றத்தை அவர் தலையில் போடுவது அநியாயம்.

அந்த வண்டியில் இருக்கும் எல்லாரையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விருந்தினருக்கு நிலம் தெரியாது. கைடுக்குத் தெரியும், ஆனால் மறுத்தால் வருமானம் போகும். தெரிந்தும், மறுக்கக்கூடிய நிலையிலும் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். 'போதும், திரும்பலாம்' என்று நீங்கள் சொன்னால் யாரும் உங்களை வேலையிலிருந்து நீக்க முடியாது. விருந்தினர் உங்களைக் குருவாக நினைத்து வந்திருக்கிறார். உங்கள் சொல்லுக்கு அவர் கட்டுப்படுவார். அந்த மதிப்பை நாம் ஷட்டர் வேகம் சொல்லித்தருவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, மிகத் தேவையான நேரத்தில் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறோம்.

நெருங்காவிட்டால் நல்ல படம் கிடைக்காது என்ற அச்சத்தையும் எடுத்துப் பார்ப்போம், அது நம் துறை. கூரை திறந்த லேண்ட் குரூசரில் நின்றுகொண்டு எடுக்கும்போது கேமரா தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். நிற்கும் சிவிங்கிப்புலியின் கண் ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரம். எட்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் நீங்கள் சுமார் 12 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறீர்கள்; விலங்கின் முதுகும் மிதிபட்ட புல்லும்தான் படத்தில் நிறையும். நாற்பது மீட்டரில் அந்தச் சாய்வு 3 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பார்வை அதன் கண்மட்டத்துக்கு நெருங்கி வருகிறது, பின்னால் அடிவானம் கிடைக்கிறது, நடக்க அதற்கு இடமும் கிடைக்கிறது. இன்று நம் விருந்தினர்கள் 600 மில்லிமீட்டர் லென்ஸும் வெட்டியெடுத்தாலும் தாங்கும் சென்சாரும் கொண்டு வருகிறார்கள். வெயில் ஏறியபின் தூரத்தில் கானல் அசையும் என்பது உண்மை. அதற்கு மருந்து காலையில் சீக்கிரம் கிளம்புவது.

மனதில் நிற்கும் படங்கள் எப்படி வந்தன என்றும் பாருங்கள். செரங்கெட்டியின் வும்பி சிங்கக் கூட்டம் குட்டிகளோடு பாறைக்குன்றின்மேல் உறங்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்காக மைக்கேல் நிக்கல்ஸ் 2014இல் 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' பட்டம் பெற்றார். அந்தக் கூட்டத்தை அவர் ஆறு மாத காலம் பின்தொடர்ந்திருந்தார். அவர் வண்டி அவற்றுக்கு ஒரு பொருட்டாக இல்லாமல் போகும்வரை பொறுத்திருந்தார். மாராவின் ஐந்து ஆண் சிவிங்கிப்புலிகள் வெள்ளம் பெருகிய தாலேக் ஆற்றை நீந்திக் கடக்கும் படம் 2021இல் அதே போட்டியில் பாராட்டுப் பெற்றது. எடுத்தவர் இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் புத்திலினி டி சொய்ஸா. கரையில் அவை தயங்கித் தயங்கித் திரும்பிய நேரமெல்லாம் அவர் காத்திருந்தார். இந்த இரண்டு படங்களுக்கும் அடியில் இருப்பது பொறுமை. நம் விருந்தினர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கக்கூடிய மிக அரிய பாடமும் அதுதான். அதை விட்டுவிட்டுத் துரத்தக் கற்றுக்கொடுக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அறிவிப்புகளில் என்ன படம் போடுகிறோம்? வண்டியின்மேல் ஏறி நிற்கும் சிவிங்கிப்புலி. வாய் பிளந்த முதலைக்கு முன்னால் குதிக்கும் வில்டபீஸ்ட். நைவாஷா ஏரியில் படகோட்டி விசிலடித்து வீசிய மீனை வந்து கொத்தும் மீன்கழுகு. வீசிய மீன் என்ற குறிப்பு மட்டும் அங்கே இருக்காது. 'க்ராஸிங் நிச்சயம்' என்று எழுதுகிறோம். அந்த அறிவிப்பைப் பார்த்து வருபவர் அதையேதான் எதிர்பார்ப்பார். கிடைக்காவிட்டால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். வண்டியில் எழும் நெருக்கடி காட்டில் பிறப்பதில்லை, நம் மேசையில் நாம் எழுதும் அறிவிப்பில் பிறக்கிறது.

கட்டுப்பாடு வைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். ருவாண்டாவைப் பாருங்கள். மலைக் கொரில்லாக்களைப் பார்க்க ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 2017இலிருந்து அதற்குக் கட்டணம் 1,500 டாலர். மணி முடிந்ததும் கைடு 'கிளம்பலாம்' என்கிறார். நம் ஆட்களும் கேமராவை இறக்கிவிட்டுக் கிளம்புகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் என்று அங்கே யாரும் அடம்பிடிப்பதில்லை. அந்த விதியைப் பயணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். அந்தக் கொரில்லாக்களின் எண்ணிக்கை 1,000ஐத் தாண்டியது. 2018இல் அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலிலிருந்து அவை ஒரு படி மேலே ஏறின. கட்டுப்பாட்டால் அந்தத் தொழில் அழியவில்லை, அதன் மதிப்புதான் கூடியது.

மாராவிலேயே சான்று இருக்கிறது. காப்பகத்துக்கு வடக்கே ஒலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சிகளில் நிலம் மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்கள் அதைக் குத்தகைக்கு விட்டு மாதந்தோறும் வருமானம் பெறுகிறார்கள். ஒலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு விலங்கருகே நிற்கக்கூடிய வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. அங்கே தங்குவதற்கு விலை அதிகம்; ஆனாலும் விரும்பி வருகிறார்கள். நெரிசல் இல்லாததுதான் அங்கே விற்கும் பொருள். காட்டை நெரிசலாக்கிக்கொண்டே போனால் நாளைக்கு நம்மிடம் விற்க என்ன இருக்கும்?

இனி என் வேண்டுகோள். ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கான உங்கள் அறிவிப்பில், விலை அச்சாகும் அதே தாளில், உங்கள் பெயரைப் போட்டு அதை வெளியிடுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு விருந்தினரும் அதைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை என்று நான் கருதுவதைச் சொல்கிறேன்.

ஒரு விலங்கருகே ஐந்து வண்டிகள் நின்றால் ஆறாவதாக நம் வண்டி போகாது. தொலைவில் காத்திருப்போம், அல்லது வேறு திசைக்குப் போவோம். குட்டிகளோடு இருக்கும் சிவிங்கிப்புலி வேட்டைக்கு எழுந்தால் பின்தொடர மாட்டோம், முன்னால் போய் நிற்கவும் மாட்டோம்.

ஆற்றங்கரையில் மந்தை இறங்கி ஓட்டம் உறுதிப்படும்வரை வண்டி விளிம்பிலிருந்து தள்ளியே நிற்கும். விலங்குகள் இறங்கும் சரிவையும் ஏறும் சரிவையும் மறிக்கும் இடத்தில் நிற்காது. வண்டியிலிருந்து யாரும் இறங்க மாட்டோம்.

எவ்வளவு நெருங்கலாம், எப்போது விலக வேண்டும் என்பதில் கைடின் சொல்லே முடிவு. அவருக்கான டிப்ஸ் இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்துக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுவோம். கிடைத்த படங்களுக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை. முதல் நாள் காலை இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், விருந்தினர் எல்லார் முன்னிலையிலும் இதை அவரிடம் சொல்லுங்கள். அன்று அவர் ஓட்டும் விதத்திலேயே மாற்றம் தெரியும்.

எந்தக் காட்சிக்கும் உத்தரவாதம் தர மாட்டோம். காண்டாமிருகத்தின் படத்தை இடத்தோடும் நேரத்தோடும் வெளியிட மாட்டோம். வேட்டைக்காரர்களுக்கும் கைபேசி உண்டு. உணவு வீசி வரவழைத்த விலங்கின் படத்தை நம் விளம்பரத்தில் போட மாட்டோம்.

இவ்வளவுதான். இதில் சில ஏற்கெனவே விதியாக இருப்பவை. எஞ்சியவை நம் கையில் இருப்பவை. இதைப் படித்துவிட்டு ஒருவர் பின்வாங்கினால் அவரைப் போகவிடுங்கள். உங்கள் வண்டியில் அந்த ஓர் இருக்கை காலியாக இருப்பதால் வரும் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். படித்துவிட்டும் வருகிறேன் என்பவர்தான் நமக்கு வேண்டிய விருந்தினர். அவரோடு இருக்கும்போது 'திரும்பலாம்' என்று சொல்ல உங்களுக்குத் துணிச்சல் தேவைப்படாது; அவரே கேமராவை இறக்கிவைப்பார். என் அடுத்த அறிவிப்பு அந்தப் பக்கத்தோடுதான் வெளிவரும்.

நம்மில் பத்துப் பேர் இதைச் செய்தால், அடுத்த ஆகஸ்டில் தாலேக் சமவெளியில் பத்துக் குழுக்கள் தள்ளி நிற்கும். மற்றக் குழுக்களின் விருந்தினர்கள் தங்கள் தலைவர்களிடம் காரணம் கேட்பார்கள். கேட்கட்டும். மாவட்ட நிர்வாகம் கட்டணத்தை உயர்த்தியும் ரேஞ்சர்களை அனுப்பியும் தீர்க்க முடியாததில் ஒரு பகுதியை நாம் நம் ஊரில், நம் மேசையில் உட்கார்ந்து தீர்த்துவிட முடியும். அந்தப் பக்கத்தை இந்த வாரமே எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். என்னுடையதில் விட்டுப்போனது உங்களுடையதில் இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன். முன்பணம் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

தோழமையுடன்,
மாராவுக்குக் குழு அழைத்துச் செல்லும் உங்களில் ஒருவன்